மீன்பிடி தடைக்காலத்துல பேக்கப் சர்வரை ஒரே ராத்திரில புது வெர்ஷனுக்கு ஏத்திரலாமா?

தம்பி, நீ கேட்டதை முதல்ல சுருக்கமா சொல்லிக்கிறேன். ராமநாதபுரத்துல ரெண்டு பேரா சேந்து பேக்கப் சர்வீஸ் (கம்ப்யூட்டர் டேட்டாவை காப்பி எடுத்துப் பாதுகாக்கிற வேலை) நடத்துறீங்க, மண்டபத்துல மீன் கம்பெனி, ராமேஸ்வரத்துல லாட்ஜு, கீழக்கரைல கடை, ரெண்டு பள்ளிக்கூடம், ஒரு ஆஸ்பத்திரின்னு மொத்தம் 38 இடம், எல்லாம் வீம் (Veeam)ங்கிற பேக்கப் மென்பொருளோட 11ம் வெர்ஷன்ல ஓடுது, 12க்குப் போகணும். தடைக்காலத்துல ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி மொத்தத்தையும் முடிச்சிரலாமா, அதுக்கு தனியா காசு கேக்கலாமா, இதான உன் கேள்வி.

தடைக்காலம்னு யோசிச்சது நல்ல யோசனை. ஒரே ராத்திரி மட்டும் வேண்டாம்.

ஏன்னு சொல்றேன். நான் ஆறேழு வருசம் முன்னாடி வேலை பார்த்த இடத்துல 34 கிளையன்ட், அது வேற மென்பொருள். சனிக்கிழமை ராத்திரி 10 மணிக்கு சர்வரை ஏத்தி, ஏத்தின கையோட கன்சோல்ல எல்லா கம்ப்யூட்டரையும் செலக்ட் பண்ணி ஏஜென்ட்டையும் (ஒவ்வொரு கம்ப்யூட்டர்லயும் உக்காந்து காப்பி எடுக்கிற குட்டி மென்பொருள்) தள்ளிவிட்டோம். விடியக்காலை 4 மணிக்குப் பார்த்தா சிவப்பு ஒன்னுகூட இல்ல, 31 பச்சை, 3 சாம்பல். சாம்பல்னா தகவல் வரலன்னு அர்த்தம், ராத்திரி கம்ப்யூட்டரை ஆப் பண்ணிருப்பாங்க, திங்கக்கிழமை தானா வந்துரும்னு நெனச்சேன். ரெண்டு வந்துச்சு. மூணாவது ஒரு ஐஸ் பிளான்ட்டோட கணக்கு கம்ப்யூட்டர், 32 பிட் விண்டோஸ் 7, புது ஏஜென்ட் அதுல ஏறவே மாட்டேன்னுருச்சு, ஆனா ஏறுறதுக்கு முன்னாடி பழசைக் கழட்டிருச்சு. 19 நாள் கழிச்சு அந்த டிஸ்க் போச்சு. அந்த 19 நாள் பில்லையும் கணக்கு பாக்குற அக்கா கார்பன் புக்கை வெச்சு திரும்ப அடிச்சாங்க, எந்த போட்டுக்கு எத்தனை ஐஸ் பார், எவ்வளவு பாக்கின்னு, தண்ணி பட்டு பாதி மை கரைஞ்சுபோன புக்கு. நான் பக்கத்துல உக்காந்து வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு படிச்சுச் சொல்லச் சொல்ல அவங்க அடிச்சாங்க, மூணு நாள் ஆச்சு. அன்னைலருந்து நான் சாம்பலையும் சிவப்பாத்தான் எண்ணுறேன்.

சரி, முதல்ல எது எதுக்கு முன்னாடி ஏறணும்ங்கிறது. உன்கிட்ட இருக்கிறது ஒரு மென்பொருள் இல்ல, மூணு அடுக்கு: கிளையன்ட் எல்லாரையும் ஒரே இடத்துல பாக்குற கன்சோல், உன் ஆபீஸ்ல காப்பி வந்து சேர்ற கிளவுட் கனெக்ட் சர்வர், அப்புறம் கிளையன்ட் இடத்துல இருக்கிற பேக்கப் சர்வரும் ஏஜென்ட்டும். வீம்ல சர்வீஸ் கொடுக்கிறவன் பக்கம்தான் எப்பவும் முன்னாடி போகணும், உன் வெர்ஷன் கிளையன்ட் வெர்ஷனுக்கு சமமாவோ அதுக்கு மேலயோ இருக்கணும். மண்டபத்துல அந்தக் கம்பெனி பையன் யாராச்சும் "புது வெர்ஷன் வந்துருக்கு"ன்னு திரைல பார்த்துட்டு ஆர்வத்துல கிளிக் பண்ணிட்டான்னா, அவன் லோக்கல் பேக்கப் நல்லா ஓடும், உன் ஆபீஸுக்கு வர்ற காப்பி மட்டும் நின்னுபோகும், அவனுக்குத் தெரியவே தெரியாது. அதனால ஒரு மாசம் முன்னாடியே 38 பேருக்கும் சொல்லிரு, நாங்க சொல்ற வரைக்கும் யாரும் கை வைக்காதீங்கன்னு. உன் பக்கத்துல கன்சோல் முதல்ல, அப்புறம்தான் கிளவுட் கனெக்ட். நீ நிக்கிற 11ல இருந்து நீ போகப்போற பில்ட்டுக்கு நேரா போக முடியுமா, நடுவுல ஒரு படி ஏறணுமான்னு ரிலீஸ் நோட்ஸ்ல பில்ட் நம்பர் வரைக்கும் பாரு. சப்போர்ட் காலம் முடிஞ்ச லைசென்ஸா இருந்தா ராத்திரி 11 மணிக்கு இன்ஸ்டாலர் மூஞ்சில அடிச்ச மாதிரி நின்னுரும், அந்த நேரத்துல டீலரும் போன் எடுக்க மாட்டாரு.

இன்னொன்னு, 12ல புதுசா போடுறவங்களுக்கு டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ், உன்னோட பழைய சர்வர் மைக்ரோசாப்ட்டோட இலவச டேட்டாபேஸான எஸ்கியூஎல் எக்ஸ்பிரஸ்ல இருக்கும், ஏத்தினாலும் அதே எஸ்கியூஎல்லதான் ஓடும். எக்ஸ்பிரஸுக்கு 10 ஜிபி வரம்பு இருக்கு, அதனால மாத்தணும்ங்கிற ஆசை நியாயம்தான். ஆனா வெர்ஷன் ஏத்துறதையும் டேட்டாபேஸ் மாத்துறதையும் ஒரே ராத்திரி பண்ணாத, ஏதாச்சும் ஒதைச்சா எதுனால ஒதைக்குதுன்னு கண்டுபிடிக்க முடியாது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு மாசம் விடு.

இப்ப காலண்டருக்கு வரேன், நம்ம கடற்கரைல இதுதான் பெரிய விசயம், வேற ஊர்க்காரங்க எழுதுற எதுலயும் இது இருக்காது. தடைக்காலம் ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள், விசைப்படகு போகாது, மீன் கம்பெனிக்கும் ஐஸ் பிளான்ட்டுக்கும் வேலை குறைவு, நாட்டுப்படகு மீன் வர்றதால முழுசா மூட மாட்டாங்க, ஆனா ஒரு கம்ப்யூட்டரை பகல்லயே ரீஸ்டார்ட் பண்ண விடுவாங்க. அதுலயும் ஏப்ரல் கடைசி வேண்டாம், வருசக் கணக்கு முடிக்கிற ஆடிட்டர் பிடிச்சு வாங்குவாரு, மே நடுவுல வை. ஜூன் 10க்கு மேல தொடவே தொடாத, தடை முடிஞ்சு முதல் மீன் கரைக்கு வர்ற அன்னைக்கு பில் மெசின் நிக்கக் கூடாது. பள்ளிக்கூடத்துக்கும் மேதான் சரி, ஜூன்ல அட்மிசன் கூட்டம்.

லாட்ஜுக்கு இது அப்படியே தலைகீழ். மே மாசம் ராமேஸ்வரத்துல லீவு கூட்டம், ரூம் கிடைக்காது, ரிசப்சன்ல கம்ப்யூட்டரை அஞ்சு நிமிசம் விட மாட்டாங்க. ஜூன் கடைசில பண்ணு, ஆடி அமாவாசைக்கு முன்னாடி முடிச்சிரு. ஆடி, மகாளய, தை அமாவாசை மூணையும் சிவராத்திரியையும் சிவப்பு பேனால வட்டம் போட்டு வெச்சுக்க, அதுக்கு முன்ன பின்ன மூணு நாள் எதுவும் கிடையாது. கீழக்கரைல ரம்ஜான் மாசம் கடையெல்லாம் ராத்திரிதான் முழிச்சிருக்கும், நீ ராத்திரி ஆள் இருக்க மாட்டாங்கன்னு நெனச்சுப் போனா அப்பதான் நெரிசலே, அந்த மாசமே வேண்டாம். மாசா மாசம் ஜிஎஸ்டி கணக்கு போடுறவங்களுக்கு 11ம் தேதியும் 20ம் தேதியும் கெடு, அதை ஒட்டி யாரையும் தொடாத. ஆஸ்பத்திரிக்கு சீசன் கிடையாது, ஓபி இல்லாத ஞாயித்துக்கிழமை மதியம்தான் ஓரளவு கிடைக்கும், அவங்ககிட்ட கேட்டு வாங்கு.

அக்டோபர்லருந்து டிசம்பர் வரைக்கும் வாடைக்காத்தும் மழையும். 1964 டிசம்பர்ல தனுஷ்கோடி போனதை நம்ம வீட்டு பெரியவங்க சொல்லிக் கேட்டுருப்ப, 2024 நவம்பர் 20ல பாம்பன்லயும் ராமேஸ்வரத்துலயும் மேகவெடிப்பு மழை கொட்டினதை நீயே பார்த்துருப்ப. கடைக்குள்ள தண்ணி வந்து சிபியூ மூழ்குற மாசத்துலதான் உன்னைக் கூப்பிடுவாங்க, அந்த மாசத்துல உன் சர்வர் பாதி ஏத்தின நிலைமைல இருக்கக் கூடாது. பாதுகாப்பு பேட்ச் (மென்பொருள் ஓட்டையை அடைக்கிற திருத்தம்) தவிர அந்த மூணு மாசம் எதையும் மாத்த மாட்டேன்னு முடிவு பண்ணு. மின்வாரியம் மாசாந்திர பராமரிப்புன்னு பகல் பூரா கரண்ட் கட் பண்ற தேதியையும் ஏரியா வாரியா எழுதி வை, அப்கிரேடு நடுவுல யூபிஎஸ் காலியாகுறதை விட கொடுமை கிடையாது.

அடுத்தது திரும்பி வர்ற வழி. சர்வர் விஎம்மா (ஒரு கம்ப்யூட்டருக்குள்ள ஓடுற மெய்நிகர் கம்ப்யூட்டர்) இருந்தா ஸ்னாப்ஷாட் (அந்த நிமிச நிலைமையோட நகல்) எடுத்துட்டேன், ஒதைச்சா பின்னாடி போயிருவேன்னு பல பேர் சொல்றாங்க. அது அன்னைக்கு ராத்திரிக்குத்தான் செல்லும். புது வெர்ஷன் ஒரு தடவை ஜாபை (காப்பி எடுக்கிற வேலை) ஓட்டி ரெப்பாசிட்டரில (காப்பியைச் சேர்த்து வைக்கிற இடம்) எழுத ஆரம்பிச்சிருச்சுன்னா, நீ சர்வரைப் பின்னாடி இழுத்தாலும் ரெப்பாசிட்டரி முன்னாடியே நிக்கும். பழைய டேட்டாபேஸுக்கு அந்த புது பைல் எதுவும் தெரியாது, புது வெர்ஷன் எழுதினதை பழைய வெர்ஷன் படிக்கும்னு நம்பவும் முடியாது. அதனால ஒரு நேரத்தை முன்னாடியே முடிவு பண்ணு, ராத்திரி 2 மணிக்குள்ள டெஸ்ட் சரியா வரலேன்னா ஸ்னாப்ஷாட்டுக்குப் போறோம், வந்துருச்சுன்னா ஜாபை எனேபிள் பண்றோம், அதுக்கப்புறம் முன்னாடி மட்டும்தான் வழி. அந்த நேரத்தை பேப்பர்ல எழுதி மானிட்டர்ல ஒட்டு, தூக்கக் கலக்கத்துல "இன்னும் அரை மணி நேரம் பார்ப்போம்"னு தோணிக்கிட்டே இருக்கும்.

கான்பிகரேஷன் பேக்கப் (சர்வர் செட்டிங்கோட காப்பி) எடுக்கும்போது என்கிரிப்ட் பண்ணி, அதாவது பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி எடு. வீம்ல என்கிரிப்ட் பண்ணாம எடுத்தா, சேவ் பண்ணி வெச்சிருக்கிற பாஸ்வேர்டு எதுவும் அதுல வராது, திரும்ப ஏத்தும்போது 38 இடத்து பாஸ்வேர்டையும் ஒன்னொன்னா கேட்டு வாங்கணும், அதுல பாதி பேர் மறந்துருப்பாங்க. அந்த பைலை அதே சர்வர்ல வைக்காத. பழைய வெர்ஷன் ஐஎஸ்ஓவும் (இன்ஸ்டால் பண்ற பைல்) லைசென்ஸ் பைலும் ஒரு பென்டிரைவ்ல தனியா இருக்கட்டும்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எல்லா ஜாபையும் டிசேபிள் பண்ணி, ஓடிக்கிட்டு இருக்கிறது முடியுற வரைக்கும் காத்திரு, கட்டாயமா நிறுத்தாத. இதைச் சொன்னா எல்லாரும் தெரியும்பாங்க. 2021 டிசம்பர்ல ஜப்பான்ல கியோட்டோ யுனிவர்சிட்டி சூப்பர் கம்ப்யூட்டர்ல நடந்தது இதேதான். பழைய லாக் பைலை (என்ன நடந்துச்சுன்னு பதிஞ்சு வைக்கிற பைல்) அழிக்கிறதுக்கு பேக்கப் ஸ்கிரிப்ட் ஒன்னு இருந்துச்சு, அதை நல்லபடியா திருத்தி புதுசா போட்டாங்க, ஆனா பழசு ஓடிக்கிட்டு இருக்கும்போதே அதே பைல் மேல போட்டுட்டாங்க. ஸ்கிரிப்ட்டை ஓட்டுற பாஷ்ங்கிற மென்பொருள் அதை மொத்தமா படிச்சுட்டு ஓட்டுறதில்ல, ஓட்ட ஓட்ட படிக்கும், அதனால நடுவுலருந்து புது பைலைப் படிச்சுச்சு, எந்த போல்டர்னு சொல்ற வேரியபிள் காலியா இருந்துச்சு, லாக்கை அழிக்கிறதுக்குப் பதிலா ஆராய்ச்சி டேட்டாவை அழிச்சிருச்சு. 77 டெராபைட், சுமார் 3 கோடியே 40 லட்சம் பைல், 14 ஆராய்ச்சிக் குழுவோடது, அதுல 4 குழுவோடது திரும்பக் கிடைக்கல. அந்த சிஸ்டத்தைக் கொடுத்த ஹெச்பிஇ முழுப் பொறுப்பும் தங்களோடதுன்னு ஒத்துக்கிட்டாங்க. அவங்க புதுசா எழுதினதுல ஒரு தப்பும் இல்ல, மாத்தின நேரம்தான் தப்பு.

அடுத்தது எத்தனை பேரை ஒரே நேரத்துல. 2024 ஜூலை 19 கிரவுட்ஸ்டிரைக்ங்கிற பாதுகாப்பு மென்பொருளோட அப்டேட் ஒன்னு தப்பாப் போய் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர் நீலத்திரைல நின்னுச்சே, அது எல்லாருக்கும் ஒரே நேரத்துல போனதுனாலதான் அம்புட்டு பெருசாச்சு. நீங்க ரெண்டே பேர், உங்ககிட்ட இருக்கிறது ரெண்டு போன். முதல்ல உன் சொந்த ஆபீஸ், அப்புறம் 3 கிளையன்ட், அப்புறம் ராத்திரிக்கு ஆறுக்கு மேல போகாத. அந்த முதல் மூணு பேரை எப்படி எடுக்கணும்ங்கிறதுதான் முக்கியம், பல பேர் லேசான இடமா, புது கம்ப்யூட்டரா பார்த்து எடுப்பாங்க, அதுல ஒன்னும் தெரிய வராது. உன்கிட்ட இருக்கிறதுலயே பழைய விண்டோஸ் ஒன்னு, விஎம்வேர் இருக்கிற இடம் ஒன்னு, டேலி (கணக்கு மென்பொருள்) மட்டும் ஓடுற கடை ஒன்னுன்னு எடு, எல்லாம் நடந்து போயிட்டு வர்ற தூரத்துல, ராமநாதபுரத்துக்குள்ளயே இருக்கட்டும். அவங்ககிட்ட ஒரு வாரம் விடு, வாரக்கடைசி புல் பேக்கப் ஒரு தடவை ஓடி முடியணும், தினசரி இன்கிரிமென்டல் (மாறினதை மட்டும் எடுக்கிறது) நல்லா ஓடுறதை வெச்சு எதையும் முடிவு பண்ண முடியாது.

ஏஜென்ட் ஏறும்போது டிரைவர் மாறினா அடுத்த பேக்கப் டிஸ்க் மொத்தத்தையும் ஒரு தடவை படிச்சுப் பார்க்கும், அதனால முதல் ராத்திரி ரொம்ப நேரம் எடுத்தா பயந்துறாத. ஆனா ஜாப் செட்டிங்கோ ரெப்பாசிட்டரியோ மாத்தினதால புதுசா ஒரு புல் கேட்டுச்சுன்னா அது வேற கணக்கு. 2 டெராபைட் இருக்கிற மீன் கம்பெனில அப்லோடு 50 எம்பிபிஎஸ்னு வை, நடுவுல நிக்காம போனாக்கூட கிட்டத்தட்ட 89 மணி நேரம், நாலு நாளைக்குக் கொஞ்சம் கம்மி, நம்ம லைன் நாலு நாள் நிக்காம ஓடினதை நான் பார்த்ததில்ல. இந்த மாதிரி இடத்துக்கு எக்ஸ்டர்னல் டிஸ்க்ல என்கிரிப்ட் பண்ணி காப்பி எடுத்து பஸ்ல கொண்டு வந்துரு, ராமேஸ்வரத்துலருந்துன்னாக்கூட 55 கிலோமீட்டர்தான். பழைய செயினும் (ஒரு புல்லும் அதுக்குப் பின்னாடி வர்ற இன்கிரிமென்டலும்) புது செயினும் பழசோட காலம் முடியுற வரைக்கும் பக்கத்துப் பக்கத்துல இருக்கணும், அதுக்கு ரெப்பாசிட்டரில இடம் இருக்கான்னு முன்னாடியே கூட்டிப் பாரு.

எல்லாத்துக்கும் மேல ரிஸ்டோர், அதாவது பேக்கப்லருந்து திரும்ப எடுக்கிறது. நான் இதுல ரொம்ப பிடிவாதம். ஒவ்வொரு கிளையன்ட்டுக்கும் ஏத்தின மறுநாள் ஒரு பைலாச்சும் எடுத்துத் திறந்து பாக்கணும். கடைன்னா டேலி கம்பெனி போல்டரை தனி இடத்துல ரிஸ்டோர் பண்ணி, திறந்து, டே புக்ல நேத்து கடைசி வவுச்சர் நம்பரும் தொகையும் என்னன்னு கடைக்காரர்கிட்ட போன்ல கேட்டு ஒப்பிட்டுப் பாரு. தனி இடம்னு ஏன் சொல்றேன்னா டேலி பிரைம் 3க்கு முந்துன டேட்டாவை புது வெர்ஷன்ல திறந்தா அதை மாத்தித்தான் திறக்கும், நிஜ டேட்டா மேல அது நடந்துறக் கூடாது. நம்பர் ஒத்துப்போச்சுன்னா அவருக்கும் ஒரு நம்பிக்கை வரும், நீ பண்ற வேலை என்னன்னு அன்னைக்குத்தான் அவருக்குப் புரியும்.

2017 ஜனவரி 31ல, மென்பொருள் கோடை வைக்கிற தளம் நடத்துற கிட்லேப் கம்பெனில ஒருத்தர் தப்பான சர்வர்ல டேட்டாபேஸ் போல்டரை அழிச்சிட்டாரு, சரி பேக்கப்லருந்து எடுப்போம்னு பார்த்தா அங்க ஒன்னுமே இல்ல. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6ல ஓடிக்கிட்டு இருந்துச்சு, பேக்கப் எடுக்கிற டூல் 9.2 வெர்ஷன், அதனால ஒவ்வொரு தடவையும் பெயில். பெயில் ஆச்சுன்னு வர்ற மெயிலையும் டிமார்க் (மெயில் நிஜமா அவங்கதான் அனுப்பினாங்களான்னு பாக்குற சோதனை) சரியில்லன்னு மெயில் சர்வர் தள்ளிவிட்டுருச்சு, ஒருத்தருக்கும் தெரியல. தற்செயலா ஒருத்தர் ஆறு மணி நேரம் முன்னாடி எடுத்து வெச்ச ஸ்னாப்ஷாட் இருந்ததால அந்த ஆறு மணி நேர டேட்டாவோட போச்சு. நீ அப்கிரேடு முடிச்ச அன்னைக்கே ஒரு டம்மி ஜாபை வேணும்னே பெயில் ஆக்கி, அந்த அலர்ட் உன் போனுக்கு வருதான்னு பாரு.

இந்த காலண்டர், கொஞ்சம் கொஞ்சம் கிளையன்ட்டா அலை அலையா போறது எல்லாத்துக்கும் ஒரே ஒரு விதிவிலக்கு பாதுகாப்பு பேட்ச். வீம்ல 2024 செப்டம்பர்ல சிவிஇ 2024-40711னு ஒரு ஓட்டை அறிவிச்சாங்க, தீவிரம் 10க்கு 9.8, அடுத்த மாசமே அகிரா, ஃபாக் (Fog)னு டேட்டாவைப் பூட்டி காசு கேக்குற ரேன்சம்வேர் கும்பல் அதை வெச்சு உள்ள பூந்துச்சு. 2025 மார்ச்ல இன்னொன்னு, 9.9, அது டொமைன்ல (ஆபீஸ் கம்ப்யூட்டர் எல்லாத்தையும் ஒரே லாகின்ல கட்டுப்படுத்துற விண்டோஸ் அமைப்பு) சேர்த்து வெச்ச பேக்கப் சர்வரைத்தான் பாதிச்சுச்சு. இந்த மாதிரி வந்தா ரம்ஜானோ அமாவாசையோ மழையோ, 48 மணி நேரத்துக்குள்ள போட்டுரு, உன் சொந்த சர்வர்ல ஒரு ராத்திரி, மறுநாள் எல்லாருக்கும். நீ இன்னும் 11லயே இருக்கிறதை நான் தப்புன்னு சொல்றதும் இதனாலதான், 11க்கு பேட்ச் வர்றதே ஏற்கெனவே நின்னுபோச்சு. உன் பேக்கப் சர்வர் டொமைன்ல இருந்தா இந்த அப்கிரேடோட வெளிய எடு. லாக்கை எல்லாம் ஏத்துறதுக்கு முன்னாடி தனியா காப்பி எடுத்துக்க, மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல்ல போட்ட உத்தரவுப்படி 180 நாள் லாக் வெச்சிருக்கணும், சம்பவம் தெரிஞ்ச 6 மணி நேரத்துக்குள்ள சொல்லணும், அப்கிரேடுல லாக் காலியாயிருச்சுன்னு அங்க போய் சொல்ல முடியாது.

கிளையன்ட்கிட்ட வெர்ஷன் நம்பரெல்லாம் சொல்லாத. "அண்ணே, செவ்வாக்கிழமை ராத்திரி 10லருந்து புதன் காலை 6 வரைக்கும் பேக்கப் ஓடாது, அந்த நேரத்துல எதையும் அழிச்சிட்டா உடனே எடுத்துத் தர முடியாது, கம்ப்யூட்டரை ஆப் பண்ணாம போங்க"ன்னு வாட்சாப்ல வாய்ஸ் மெசேஜ் போடு, சாயங்காலம் 5 மணிக்கு ஒரு போன். ஆப் பண்ணாம போங்கன்னு சொல்றதுதான் பாதிப் பேர் மறக்கிறது, போன்ல திரும்பச் சொல்லு.

காசு விசயம். வெர்ஷன் ஏத்துறதுக்கு தனியா வாங்காத, மாசா மாசம் அவங்க கொடுக்கிறதே அதுக்கும் சேத்துத்தான். ஆனா பழைய கம்ப்யூட்டர் வெச்சிருக்கிறவங்ககிட்ட நேர்ல போய்ப் பேசு, விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோட, சர்வர் 2012க்கு 2023 அக்டோபரோட, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரோட மைக்ரோசாப்ட் வழக்கமான சப்போர்ட் முடிஞ்சுபோச்சு. புது ஏஜென்ட் அதுல ஏறாமப் போகலாம், ஏறினாலும் எத்தனை நாளைக்குன்னு தெரியாதுன்னு எழுத்துல கொடு, மாத்துற வேலைக்கு கூலி கேளு, அது நியாயம். மாத்த மாட்டேன்னு சொல்றவங்களைக் கடைசி அலைல வை, அந்த கம்ப்யூட்டருக்கு மட்டும் வாரத்துக்கு ஒரு தடவை எக்ஸ்டர்னல் டிஸ்க்ல கையால காப்பி எடுக்கச் சொல்லிக் கொடு. 38 பேர்ல அந்த மாதிரி எத்தனை பேர்னு இந்த வாரமே எண்ணி எழுதிரு, அந்த லிஸ்ட் வந்தாத்தான் எந்த ராத்திரி யாருன்னு பிரிக்கவே முடியும்.